கம்பைல் செய்தவர் போன பிறகு

2014 ஏப்ரல் 7 அன்று ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை இருப்பது வெளியே வந்தது. அந்த வாரம் சர்வர் வேலை பார்த்தவர்கள் யாரும் ஒழுங்காகத் தூங்கியிருக்க மாட்டார்கள். எனக்குப் பழக்கமான ஒரு சிறு நிறுவனத்திலிருந்து போன் வந்தது. சென்ட்ஓஎஸ் 6 ஓடும் ஒரே ஒரு சர்வர். 'யம் அப்டேட்' கொடுத்தாயிற்று, அப்பாச்சியையும் ரீஸ்டார்ட் செய்தாயிற்று, ஆனால் சோதித்துப் பார்த்தால் ஓட்டை அப்படியே இருக்கிறது என்றார்கள்.

போய்ப் பார்த்தேன். பேக்கேஜ் பட்டியலில் திருத்தப்பட்ட ஓப்பன்எஸ்எஸ்எல்தான் இருந்தது. ஆனால் 80ஆம் போர்ட்டில் உட்கார்ந்திருந்த அப்பாச்சி, பேக்கேஜாக வந்த அப்பாச்சியே இல்லை. /யூசர்/லோக்கல்/அப்பாச்சி2 என்ற அடைவிலிருந்து ஓடிக்கொண்டிருந்த வேறொன்று. சர்வர் பூட் ஆகும்போது ஆர்சி.லோக்கல் கோப்பின் கடைசி வரி அதைக் கிளப்பிவிட்டிருக்கிறது. பேக்கேஜ் அப்பாச்சியை இவர்கள் ரீஸ்டார்ட் செய்தபோது, போர்ட் ஏற்கெனவே பிடிபட்டிருக்கிறது என்று சிவப்பு எழுத்தில் 'ஃபெயில்டு' வந்திருக்கும். அதை யாரும் படிக்கவில்லை. எல்டிடி போட்டுப் பார்த்தால் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் பெயரே பட்டியலில் இல்லை. கடைசியில் ஸ்ட்ரிங்ஸ் கட்டளைதான் காட்டிக்கொடுத்தது: அந்த பைனரியின் வயிற்றுக்குள் 'ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1சி, 10 மே 2012' என்ற வரி. நூலகத்தையும் தனியாகக் கம்பைல் செய்து, அப்பாச்சிக்குள்ளேயே ஸ்டாட்டிக்காகச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். செய்த தம்பி வேலையை விட்டுப் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

சர்வர் மென்பொருளை மூலநிரலிலிருந்து நிறுவுவதா, பேக்கேஜாக எடுத்து வைப்பதா என்பது முப்பது வருஷத்து வாக்குவாதம். இரு பக்கமும் நல்ல வாதங்கள் உண்டு, இரு பக்கமும் மூடநம்பிக்கைகளும் உண்டு. வீட்டில் அரைத்த மாவா, கடையில் வாங்கிய பாக்கெட் மாவா என்று உவமை சொல்லி முடித்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த உவமை பாதி தூரம்தான் வரும். மாவு மூன்று நாளில் தீர்ந்துவிடும். சர்வர் பத்து வருஷம் ஓடும். நிறுவுகிற அன்று எது மேல் என்று கேட்டால் விடை கிடைக்காது. நிறுவியதற்கு மறுநாள் முதல் அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டால்தான் ஏதாவது பிடிபடும்.

முதலில், மூலநிரல் என்பது ஒரு காலத்தில் விருப்பமே இல்லை, அதைவிட்டால் வேறு வழி கிடையாது. சன் நிறுவனத்தின் சொலாரிஸ், எச்பி-யூஎக்ஸ், ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ், எஸ்ஜிஐயின் ஐரிக்ஸ் என்று ஒவ்வொரு யூனிக்ஸும் ஒவ்வொரு மாதிரி. ஒன்றில் ஓடும் பைனரி இன்னொன்றில் ஓடாது. அத்தனைக்கும் பொதுவாக இருந்தது சி மொழியில் எழுதிய மூலநிரல் ஒன்றுதான். 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் எழுதிய 'மேக்', எந்தக் கோப்பை எந்த வரிசையில் கம்பைல் செய்வது என்பதைப் பார்த்துக்கொண்டது. 1991இல் டேவிட் மெக்கன்ஸி தொடங்கிய 'ஆட்டோகான்ஃப்', இந்த இயந்திரத்தில் என்னென்ன இருக்கிறது, என்னென்ன இல்லை என்று தடவிப் பார்த்துச் சொல்லும் 'கான்ஃபிகர்' நிரலைத் தந்தது. கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்ற மூன்று கட்டளைகள் மந்திரம் மாதிரி ஆனது அப்படித்தான். அப்பாச்சியே 1995இல் இந்த உலகத்தில்தான் பிறந்தது: என்சிஎஸ்ஏவின் எச்டிடிபிடி சர்வரை எழுதிய ராப் மெக்கூல் அங்கிருந்து விலகிய பிறகு, அதை வைத்துப் பிழைப்பு நடத்திய வெப்மாஸ்டர்கள் ஆளுக்கொரு ஒட்டு போட்டுக்கொண்டிருந்தார்கள், அந்த ஒட்டுகளை ஒன்றுசேர்க்கக் கூடிய குழுதான் அப்பாச்சியானது. மூலநிரலைத் தொடாத அப்பாச்சி நிர்வாகி என்று அன்று ஒருவர் இருந்திருக்க முடியாது.

லினக்ஸ் வந்ததும் நிலைமை மாறியது. ஒரே கர்னல், ஒரே சி நூலகம், பெரும்பாலும் ஒரே இன்டெல் சிப். ஒருவர் கம்பைல் செய்ததை ஆயிரம் பேர் பயன்படுத்தலாம். 1993இல் வந்த ஸ்லாக்வேர், கோப்புகளை டார் மூட்டையாகக் கட்டித் தந்ததோடு நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டு இயன் மர்டாக் அறிவித்த டெபியனில் டிபிகேஜி வளர்ந்தது. 1995இல் ரெட் ஹாட் ஆர்பிஎம்மைக் கொண்டுவந்தது. இவற்றுக்கும் வெறும் மூட்டைக்கும் என்ன வித்தியாசம் என்றால், இவை கணக்கு வைத்துக்கொள்ளும். எந்தக் கோப்பு எந்தப் பேக்கேஜுடையது, அதற்கு வேறு எவை தேவை, நிறுவும்போது என்ன செய்ய வேண்டும், நீக்கும்போது என்ன செய்ய வேண்டும், நிர்வாகி கைவைத்த அமைப்புக் கோப்பை அப்டேட் வரும்போது அழித்துவிடாமல் எப்படிக் காப்பது என்று அத்தனைக்கும் பேரேடு உண்டு. மேக் இன்ஸ்டாலுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. கோப்புகளை அங்கங்கே இறைத்துவிட்டுப் போய்விடும். பல மென்பொருள்களில் 'மேக் அன்இன்ஸ்டால்' என்ற ஒன்றே இருக்காது.

பேக்கேஜ் வந்தவுடன் சொர்க்கம் வந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு ஆர்பிஎம்மை நிறுவப் போனால் அது இன்னொன்றைக் கேட்கும், அது மூன்றாவதைக் கேட்கும், மூன்றாவது முதலாவதின் வேறொரு பதிப்பைக் கேட்கும். டயல்-அப் இணைப்பில் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டு இரவு முழுக்க உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது கதையில்லை, அனுபவம். பத்திரிகையோடு வரும் சிடியில் அந்தப் பேக்கேஜ் இருக்குமா என்று புரட்டிப் பார்த்த தலைமுறை அது. 1999இல் டெபியன் 2.1உடன் வந்த ஆப்ட், தேவையானதைத் தானே தேடி இறக்கிக்கொண்டபோது அந்தச் சிலுவை இறங்கியது. ரெட் ஹாட் பக்கத்தில் அந்த வேலையைப் பின்னர் யம் எடுத்துக்கொண்டது.

நடுவில் ஒரு விசித்திரமான உயிரினம் இருக்கிறது. 1994 முதல் ஃப்ரீபிஎஸ்டி வைத்திருக்கும் 'போர்ட்ஸ்' மரம், பேக்கேஜ் போலக் கணக்கு வைக்கும், ஆனால் உங்கள் இயந்திரத்திலேயே மூலநிரலை இறக்கிக் கம்பைல் செய்யும். 2002இல் முதல் பதிப்பு கண்ட ஜென்டூ லினக்ஸ் இதே வழியில் போனது. கையால் கம்பைல் செய்வதும் மூலநிரலிலிருந்து நிறுவுவதும் ஒன்றே என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் ஒருமுறை பார்க்க வேண்டும். கணக்கு வைப்பது வேறு, கம்பைல் செய்வது வேறு. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

இந்த வாக்குவாதத்தின் அத்தனை முகங்களையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் க்யூமெயிலைத்தான் பார்க்க வேண்டும். டேனியல் பெர்ன்ஸ்டீன் எழுதிய மின்னஞ்சல் சர்வர் அது. சென்ட்மெயிலில் மாதத்துக்கொரு ஓட்டை வந்துகொண்டிருந்த காலத்தில், பாதுகாப்பையே முதல் வேலையாக வைத்து எழுதப்பட்டது. ஓட்டை கண்டுபிடிப்பவருக்கு 500 டாலர் என்று 1997இல் பரிசும் அறிவித்தார். ஆனால் மாற்றம் செய்த பைனரியை விநியோகிக்க அவர் அனுமதி தரவில்லை. அதனால் டெபியன், ரெட் ஹாட் போன்ற லினக்ஸ் விநியோகங்களால் அதைத் தங்கள் வழக்கப்படி மாற்றிப் பேக்கேஜாகத் தர முடியவில்லை. டெபியன் ஒரு தந்திரம் செய்தது: மூலநிரலையே பேக்கேஜாகத் தந்து, நீங்களே உங்கள் இயந்திரத்தில் கட்டிக்கொள்ளுங்கள் என்றது.

1.03 பதிப்பு 1998 ஜூனில் வந்தது. அதன்பின் பெர்ன்ஸ்டீன் புதுப் பதிப்பு தரவில்லை. 2002 வாக்கில் குனு சி நூலகத்தின் 2.3.1 பதிப்பு வந்தபோது, அதுவரை ஒழுங்காகக் கம்பைல் ஆன க்யூமெயில் கம்பைல் ஆகவில்லை. காரணம் ஒரே ஒரு வரி. பிழை எண்ணை வைத்திருக்கும் 'எர்நோ' மாறியைத் தன் கையால் அறிவித்திருந்தார் பெர்ன்ஸ்டீன். புதிய நூலகம் அதற்கான தலைப்புக் கோப்பைச் சேர்க்கச் சொன்னது. உலகம் முழுக்க நிர்வாகிகள் அந்த ஒரு வரியைத் தாங்களே திருத்திக் கம்பைல் செய்தார்கள். கூடவே மெய்நிகர் பயனர்களுக்கு ஒரு ஒட்டு, கடவுச்சொல் கேட்டு அனுப்ப ஒரு ஒட்டு, ஸ்பேம் தடுக்க ஒரு ஒட்டு. எந்த ஒட்டு எந்த வரிசையில் போட்டது என்பது போட்டவருக்கு மட்டுமே தெரியும். ஒரு ஊரில் பத்து க்யூமெயில் இருந்தால் பத்தும் பத்து விதம். 2007 நவம்பரில் பெர்ன்ஸ்டீன் அதைப் பொதுச்சொத்தாக விட்டபோது காலம் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற வேறொரு மின்னஞ்சல் சர்வர் பக்கம் போய்விட்டிருந்தது.

ஆனால் க்யூமெயில்காரர்கள் ஒரு விஷயத்தில் ஜெயித்தார்கள்: நிறுவிவிட்டு மறந்துபோனாலும் அது வருஷக்கணக்கில் பத்திரமாக ஓடியது. அப்டேட்டே தேவைப்படாத மென்பொருளுக்கு அப்டேட் செய்யும் பொறுப்பும் இல்லை. இந்தச் சலுகை வேறு எதற்கும் கிடைக்காது என்பதுதான் சிக்கல். க்யூமெயிலுக்கே முழுதாகக் கிடைக்கவில்லை. 2005இல் ஜார்ஜி குனின்ஸ்கி, 64-பிட் இயந்திரங்களில் எண் வழிந்தோடும் பிழைகளைக் காட்டினார். எந்த க்யூமெயில் புராசஸுக்கும் யாரும் அவ்வளவு நினைவகம் தர மாட்டார்கள் என்று பெர்ன்ஸ்டீன் அதை ஏற்கவில்லை. 2020இல் குவாலிஸ் நிறுவனத்தார் அந்தப் பழைய பிழையை வைத்தே சர்வருக்குள் நுழைந்து காட்டினார்கள். எழுதியவர் எதிர்பார்த்த நினைவக வரம்பு, நிறுவிய இடத்தில் வைக்கப்படவே இல்லை.

இன்று ஒருவர் கம்பைல் செய்ய என்ன காரணம் சொல்கிறார்? வேகம் என்று சொன்னால் நான் பெரும்பாலும் நம்புவதில்லை. கம்பைலர் கொடிகளை மாற்றிக் கிடைக்கும் லாபத்தை, இன்டெக்ஸ் இல்லாத ஒரு டேட்டாபேஸ் வினா அரை நொடியில் தின்றுவிடும். புதிய பதிப்பு வேண்டும் என்பது நியாயமான காரணம். பத்து வருஷம் தாங்கும் என்று விற்கப்படும் விநியோகத்தில் இருப்பதெல்லாம் அது வெளிவந்த வருஷத்துச் சரக்குதானே. கம்பைல் நேரத்தில் மட்டுமே மாற்றக்கூடிய அமைப்பு ஒன்று வேறு மாதிரி வேண்டும் என்பது இன்னும் நியாயமான காரணம். என்ஜின்எக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2016இல் வந்த 1.9.11 பதிப்பு வரை, ஒரு மாட்யூல் வேண்டுமென்றால் முழுச் சர்வரையும் அதைச் சேர்த்துக் கம்பைல் செய்தாக வேண்டும். டெபியன் அதே என்ஜின்எக்ஸை லைட், ஃபுல், எக்ஸ்ட்ராஸ் என்று மூன்று சைஸ் சட்டையாக வைத்திருந்தது அதனால்தான். மூன்றிலும் உடம்பு நுழையாதவர்கள் தாங்களே தைத்துக்கொண்டார்கள். மாட்யூல்களைத் தனியே ஏற்றிக்கொள்ளும் வசதி வந்ததும் அவர்களில் பலர் பேக்கேஜுக்குத் திரும்பிவிட்டார்கள். கம்பைல் செய்யும் கட்டாயம், பல இடங்களில் மென்பொருளின் அமைப்பில் இருந்த குறைதான்.

எழுதியவர் தந்த வடிவிலேயே வேண்டும் என்று சொல்பவர்களும் உண்டு. அப்பாச்சியின் சொந்த ஆவணங்களைப் படித்துவிட்டு டெபியன் சர்வரில் உட்கார்ந்தவர் தடுமாறுவார். ஒரே கோப்பில் இருக்க வேண்டியதை டெபியன் பல கோப்புகளாகப் பிரித்து, 'ஏ2என்சைட்', 'ஏ2என்மாட்' என்று தனக்கென்று கட்டளைகள் வைத்திருக்கிறது. ரெட் ஹாட்டில் அதே சர்வருக்குப் பெயரே எச்டிடிபிடி. பழகினால் டெபியன் ஏற்பாடு சௌகரியமானது என்பது என் கட்சி. ஆனால் எழுதியவருக்கும் நிர்வாகிக்கும் நடுவே மூன்றாவதாக ஒருவர், அதாவது பேக்கேஜைப் பராமரிப்பவர், கைவைக்கிறார் என்பது உண்மை. அந்தக் கை எப்போதும் நல்லது செய்வதில்லை.

2006இல் டெபியனில் அதுதான் நடந்தது. நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் கருவி ஓப்பன்எஸ்எஸ்எல்லைப் பார்த்து முணுமுணுக்கிறதென்று, பராமரிப்பாளர் இரண்டு வரிகளை மூடிவைத்தார். அவற்றில் ஒன்று, தற்செயல் எண் உண்டாக்கியில் உண்மையான தற்செயலை ஊட்டும் வரி. அது போனதும் மிஞ்சியது புராசஸ் எண் மட்டும். ஒரு வகை இயந்திரத்தில், ஒரு நீளத்துக்கு, உண்டாகக்கூடிய எஸ்எஸ்எச் சாவிகள் மொத்தம் 32 ஆயிரத்துச் சொச்சம். ஒரு மதியத்தில் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம். 2008 மே 13 அன்று லூசியானோ பெல்லோ கண்டுபிடித்துச் சொல்லும்வரை டெபியனும் உபுண்டுவும் இப்படிச் சாவி வார்த்துக்கொண்டிருந்தன. மூலநிரலிலிருந்து கம்பைல் செய்தவர்களுக்கு இந்த நோய் இல்லை. அவர்கள் மார்தட்டியதில் தப்பில்லை. ஆனால் டெபியன் வைத்திருந்த நண்பர் ஒருவரின் சாவியைத் தங்கள் சர்வரில் சேர்த்திருந்தால், கதவு அவர்களுடையதும்தான் திறந்திருந்தது.

எதிர்ப்பக்கக் கதைகளும் உண்டு. 2002இல் ஓப்பன்எஸ்எஸ்எச் 3.4பி1 மூலநிரல் மூட்டைக்குள் யாரோ புகுந்து, கம்பைல் செய்யும்போதே வெளியே தொடர்புகொள்ளும் நிரலை வைத்துவிட்டார்கள். இறக்கினோம், கட்டினோம் என்று போனவர்கள் மாட்டினார்கள். ஃப்ரீபிஎஸ்டி போர்ட்ஸ் வழியாகப் போனவர்களிடம் மட்டும், பதிந்துவைத்த செக்சம் பொருந்தவில்லை என்று வேலை நின்றது. விஷயம் வெளியே வந்ததே அங்கிருந்துதான். 2011இல் விஎஸ்எஃப்டிபிடி 2.3.4 மூட்டையிலும் இதே கதை: பயனர் பெயரில் ஒரு சிரிப்புக் குறி போட்டால் 6200ஆம் போர்ட்டில் ரூட் ஷெல் திறந்துகொள்ளும். 'மூலநிரல் என் கையில் இருக்கிறது, அதனால் பத்திரம்' என்பவரிடம் நான் கேட்பது ஒன்றுதான். அதில் எத்தனை வரி படித்தீர்கள்? கையொப்பத்தைச் சரிபார்த்தீர்களா என்றுகூடக் கேட்பதில்லை, பதில் தெரியும்.

இரண்டு பக்கத்தையும் ஒரே அடியில் வீழ்த்தப் பார்த்தது 2024இன் எக்ஸ்இசட் விவகாரம். சுருக்கும் நூலகமான எக்ஸ்இசட்டில், இரண்டு வருஷத்துக்கும் மேல் நல்ல பிள்ளையாக நடந்து பராமரிப்புப் பொறுப்பைப் பெற்ற ஒருவர் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைத்தார். எல்லோரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் அந்தக் கதவைத் திறக்கும் வரி இல்லை. வெளியீட்டு மூட்டையில் மட்டும் இருந்தது. அதுவும், தான் டெபியன் பேக்கேஜாகவோ ஆர்பிஎம்மாகவோ கட்டப்படுகிறதா என்று பார்த்து, ஆமென்றால்தான் விழித்துக்கொள்ளும். கையால் கம்பைல் செய்பவரை அது சீண்டவே இல்லை. ஓப்பன்எஸ்எஸ்எச் நேரடியாக இந்த நூலகத்தைப் பயன்படுத்துவதும் இல்லை. சிஸ்டம்டிக்காகச் சில விநியோகங்கள் போட்ட ஒட்டு வழியாகத்தான் உள்ளே வந்தது. பேக்கேஜுக்கு எதிரான வாதம் இதைவிடக் கூர்மையாகக் கிடைக்காது. ஆனால் பேக்கேஜ் உலகம் தப்பித்ததும் அதன் மந்தத்தால்தான். டெபியனின் நிலையான பதிப்பில் பழைய எக்ஸ்இசட்தான் இருந்தது. சோதனைக் கிளைகளில் மட்டும் புதியது புகுந்திருந்தபோது, எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் தோண்டிப் பார்த்து மார்ச் 29 அன்று அறிவித்தார்.

இந்த மந்தம் பற்றிப் புரியாதவர்கள் வருஷாவருஷம் நிர்வாகிகளின் உயிரை எடுக்கிறார்கள். ஹார்ட்பிளீடுக்கு மூலநிரலில் தீர்வு 1.0.1ஜி பதிப்பு. ரெட் ஹாட்டும் டெபியனும் பதிப்பை மாற்றவில்லை, தங்கள் 1.0.1ஈ பதிப்புக்குள்ளேயே திருத்தத்தை மட்டும் பின்னோக்கிக் கொண்டுவந்து, வாலில் ஒரு எண்ணைக் கூட்டினார்கள். தணிக்கைக்கு வந்தவரின் கருவி பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து 'அபாயம்' என்று எழுதும். சேஞ்ச்லாக்கைக் காட்டி விளக்க அரை நாள் போகும். அந்த அரை நாளுக்குப் பயந்தே 'லேட்டஸ்ட்' கம்பைல் செய்து வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

சமரசங்கள் பல வந்துவிட்டன. எழுதியவர்களே பேக்கேஜ் கட்டித் தருவது ஒன்று. என்ஜின்எக்ஸும் போஸ்ட்கிரஸும் தங்கள் சொந்தக் களஞ்சியங்களை வைத்திருக்கின்றன. புதிய பதிப்பு மட்டும்தான் தேவையென்றால் பெரும்பாலும் இத்தோடு வேலை முடிந்தது. ஜாவா போன்ற உலகங்களில் இந்தக் கேள்வியே உடைந்துபோய்விட்டது. 2021 டிசம்பரில் லாக்4ஜே ஓட்டை வந்தபோது, அந்த நூலகம் எந்தெந்தச் செயலியின் மூட்டைக்குள் ஒளிந்திருக்கிறது என்று எந்தப் பேக்கேஜ் பேரேட்டுக்கும் தெரியவில்லை. 2013இல் அறிமுகமான டாக்கர் இன்னொரு வேடிக்கை செய்தது. அப்பாச்சிக்கான அதிகாரபூர்வ டாக்கர் படிமத்தைத் திறந்து பாருங்கள்: மூட்டையை இறக்கி, செக்சம் பார்த்து, கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால். நிறுவும் இடம் அதே /யூசர்/லோக்கல்/அப்பாச்சி2. பழைய வழக்கம்தான்; ஆனால் ஒவ்வொரு கட்டளையும் டாக்கர்ஃபைலில் எழுதப்பட்டிருக்கிறது, யார் வேண்டுமானாலும் நாளைக்கு மறுபடி ஓட்டலாம். எழுதாமல் செய்வதற்கும் எழுதிவைத்துச் செய்வதற்கும் உள்ள தூரம், மூலநிரலுக்கும் பேக்கேஜுக்கும் உள்ள தூரத்தைவிடப் பெரியது என்று எனக்குத் தோன்றத் தொடங்கியது இதைப் பார்த்த பிறகுதான்.

கம்பைல் செய்தே தீர வேண்டுமென்றால் நான் சொல்வது சலிப்பான வழி: விநியோகத்தின் மூலநிரல் பேக்கேஜை இறக்கி, வேண்டிய ஒரு வரியை மாற்றி, அதையே ஆர்பிஎம்மாகவோ டெப்பாகவோ கட்டுங்கள். முதல் தடவை ஒரு நாள் ஆகும். இரண்டாம் தடவை பத்து நிமிஷம்.

அந்தச் சிறு நிறுவனத்து சர்வருக்கு வருவோம். தம்பி கட்டிய காலத்தில் சென்ட்ஓஎஸ் 6இல் இருந்தது ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.0 வகை, டிஎல்எஸ் 1.2 அதில் கிடையாது. அதற்காகத்தான் தம்பி 1.0.1ஐக் கம்பைல் செய்திருக்க வேண்டும். ஹார்ட்பிளீட் இருந்தது 1.0.1இல்தான், 1.0.0இல் இல்லை. சரி, அப்பாச்சியை ஏன் கட்டினார்? அப்பாச்சி தன் 'பில்ட்' அடைவில் கான்ஃபிக்.நைஸ் என்று ஒரு சின்னக் கோப்பை விட்டுச்செல்லும். எந்த விருப்பங்களோடு கட்டப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். திறந்து பார்த்தேன். ஓப்பன்எஸ்எஸ்எல் இருக்கும் இடம் ஒரு வரி. அதற்குக் கீழே, நிரல்களை அவரவர் பயனர் பெயரில் ஓட்டும் எஸ்யூஎக்ஸெக்கின் டாக்ரூட் '/ஹோம்' என்று இன்னொரு வரி. பேக்கேஜ் அப்பாச்சியில் அது '/வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ' என்று உள்ளேயே பதிக்கப்பட்டிருக்கும். அமைப்புக் கோப்பில் மாற்ற முடியாது. இவர்கள் வாடிக்கையாளர்களின் தளங்களெல்லாம் ஹோம் அடைவில் இருந்தன. தம்பி விவரமானவர்தான்.

மாலைக்குள் ரெட் ஹாட் வழி மூலநிரல் ஆர்பிஎம்மை இறக்கி, அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிக் கட்டினேன். பழைய அப்பாச்சியை நிறுத்தி, ஆர்சி.லோக்கலின் கடைசி வரியின் முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டு, பக்கத்திலேயே தேதியையும் காரணத்தையும் எழுதிவைத்தேன்.